இஸ்தோப்பு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது இருக்கிறது, பொறுமைதான் இல்லை. நாம் வாயைத் திறந்து பாதி சொல்லும்போதே "ஆங், புரிஞ்சிடுச்சு" என்று தலையை ஆட்டிவிடுகிறார்கள். மீதிப் பாதியை என்ன செய்வது? வாயிலேயே வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான். பஸ்ஸில் கண்டக்டரும் அப்படித்தான், ரேஷன் கடைக்காரனும் அப்படித்தான். சன்னாசி இதை மருதாம்பாளிடம் தினமும் சொல்லிக் குறைப்படுவார். அவளும் அவர் முடிக்கும் முன்பே "தெரியும் தெரியும்" என்று எழுந்து போய்விடுவாள். கட்டின பெண்டாட்டியே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன?

அதனால் அன்றைக்குக் காலையில் தோல் பங்களாவுக்குள் ஒரு பெண் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது, பேச்சுக் கொடுக்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் பார்த்தார். மாடு கேட்டால்தானே? நேராக உள்ளே போய், அவள் தரையில் விரித்து வைத்திருந்த காகிதத்தின் மேல் ஒரு காலை வைத்தது.

"ஏனுங்க ஐயா, இது உங்க மாடுங்களா? படத்து மேல காலை வெச்சிருச்சுங்க."

"காலு உள்ள மாடு காலைத்தான் வெக்கும். கையவா வெக்கும்?"

அந்தப் பெண் கோபப்படாமல் சிரித்துவிட்டாள். அதுவே சன்னாசிக்குச் சந்தேகமாக இருந்தது. சிரிக்கிற ஆட்கள் ஏதாவது கேட்க வந்திருப்பார்கள்.

"இங்க வாட்ச்மேனா சன்னாசின்னு ஒருத்தர் இருந்தாராமுங்க. இருக்கறாருங்களா?"

"இருக்காரு. மாடு மேய்க்கிறாரு."

கோத்தகிரிக்குக் கீழே, ரோடு இரண்டாவது வளைவில் திரும்பும் இடத்தில், மேட்டின் மேல் நின்றது அந்தப் பங்களா. போர்டில் 'பிரெஸ்காட் நினைவு அருங்காட்சியகம்' என்று எழுதியிருக்கும். உள்ளே பஞ்சடைத்த புலி, கரடி, காட்டெருமைத் தலை என்று தோலும் கொம்புமாகவே இருந்ததால் ஊரில் அதற்குத் தோல் பங்களா என்றே பெயர். சன்னாசி அங்கே இருபது வருஷத்துக்கு மேல் காவல் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது எரிந்துபோனது. இப்போது நான்கு பக்கமும் கருகின சுவரும், நடுவில் இரண்டு புகைபோக்கியும், தரையெல்லாம் புல்லும். கட்டடமே இல்லை, காவலுக்கு ஆள் எதற்கு என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. நியாயமான பேச்சுதானே என்று நினைத்துக்கொண்டார்.

வேறு வேலைக்குப் போகலாம் என்றால் அது தேயிலை விலை விழுந்த காலம். பச்சை இலையைப் பறித்துக்கொண்டு போய்ப் போட்டால் பறித்த கூலிக்கே காணாது. ஜனங்கள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு நிற்க வேண்டிய செடியெல்லாம் ஆளுக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூவும் காயுமாக மரம் மாதிரி நின்றது. சுற்று வட்டாரத்தில் பாதி ஃபேக்டரிகள் புகைவிடுவதை நிறுத்திவிட்டன.

அந்தப் பெண்ணுக்குக் காயத்ரி என்று பெயர். கோயமுத்தூரில் கட்டடப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிற காலேஜில் வாத்தியாராம். மியூசியம் கமிட்டி பங்களாவை மறுபடியும் கட்டப் போகிறதாம். அதற்கு முன்னால் பழைய கட்டடத்தின் கதையை ஒரு சின்னப் புத்தகமாகப் போடும்படி இவளிடம் கேட்டிருக்கிறதாம்.

"யாரு கட்டுனாங்க, எதை வெச்சுக் கட்டுனாங்க, அப்பறம் எதையெல்லாம் மாத்துனாங்க, கடைசியா எப்படிப் போச்சு, அதெல்லாம் எழுதணுமுங்க."

"செத்த மனுசனப் பத்தியே எழுத ஆளக் காணோம். கட்டடத்துக்கு வந்திட்டீங்க."

சொன்னாலும், மாடு மேய்கிற நேரம்தானே என்று கூட நடந்தார். காயத்ரி சொல்லிக்கொண்டே வந்தாள். பிரெஸ்காட் துரை இதை முதலில் வீடாகக் கட்டவில்லையாம், ஆட்டம் ஆடுகிற கூடமாகக் கட்டினாராம். சன்னாசி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் ஆசுபத்திரியாக இருந்தது என்றுதான் அவர் கேள்விப்பட்டிருந்தார். உலகச் சண்டைக் காலத்தில் கொஞ்ச நாள் அப்படி இருந்தது உண்மை என்றாள் அவள், ஆனால் அதற்கு ஐம்பது வருஷம் முன்பே கட்டிவிட்டார்களாம். கல் அஸ்திவாரம் இதே மேட்டில் வெட்டினது. சுண்ணாம்பு கீழ்நாட்டிலிருந்து மாட்டு வண்டியில் ஏறி வந்தது. கூரைத் தகரம் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. ஆடும்போது கால் வலிக்காமல் இருக்க, தேக்குப் பலகையைத் தரையில் ஒட்டாமல் ஒரு முழம் இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள்.

"அந்தச் சந்துதானுங்க தீயை இழுத்திருக்கும். கீழ காத்து, மேல மரத் தட்டி, அதுக்கு மேல தகரம். அடுப்புக்குக் கட்டுன மாதிரியே கட்டியிருக்கறாங்க."

"அது என்னவோ நெசம். நெருப்பு கீழதான் ஓடிச்சி. பலக மேல ஒண்ணும் தெரியல, புலி நிக்கிற எடத்துல திடுதிப்புன்னு மேல வந்திச்சி."

அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நீங்க ஸ்டவ் வெச்சிருந்த ரூமைக் காட்டறீங்களா?" என்றாள்.

பின்பக்கம் இருந்தது அந்தச் சின்ன அறை. துரைமார் காலத்தில் சமையல்காரன் பாத்திரம் வைக்கிற இடம். சன்னாசி அங்கேதான் தேத்தண்ணி போட்டுக் குடிப்பார். கதவு போய்விட்டிருந்தது, மற்றபடி அறை அப்படியே நின்றது. காயத்ரி கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள். உத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டடைதான் ஒட்டியது.

"இதென்னுங்க அதிசயமா இருக்குது? இங்கதான் தீ ஆரம்பிச்சுதுன்னு எழுதியிருக்குது. உத்திரம் கருகக்கூட இல்லீங்களே."

"யாரு எழுதினா?"

"விசாரணை ரிப்போர்ட்லீங்க. வாட்ச்மேன் ஸ்டவ்வுல இருந்து தீ பிடிச்சுதுன்னு…" அவள் தயங்கினாள். "நீங்களே சொன்னதாத்தானுங்க இருக்குது."

"நானா?"

சன்னாசிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டீக்கடை வேலாமணி ஞாபகத்துக்கு வந்தான். இரண்டு வருஷமாகக் கடைக்குள் நுழையும்போதெல்லாம், "வாங்கண்ணா, அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்பான். உட்கார்ந்திருக்கிறவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். விறகு விற்கிற விலையில் சொல்கிறான் போலிருக்கிறது என்று இவரும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். கூடச் சேர்ந்து!

"நான் அப்படி ஒரு வார்த்த சொல்லல, தாயி."

காயத்ரி அவரை முன்பக்கம் அழைத்து வந்து காகிதத்தை விரித்தாள். ஒவ்வொரு இடத்துக்கும் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லுகிறார்களாம், படத்தில் எல்லாப் பெயரையும் போட வேண்டுமாம். "இப்ப நாம நிக்கறமே, இந்த இடம். மொதல்ல திறந்த வராந்தாவா இருந்துது. குளிருதுன்னு ஒரு துரைசானி கண்ணாடி போட்டு மூடிட்டாங்க. பழைய பிளான்ல வேற பேரு. கமிட்டியில முன்கூடம்னு சொல்றாங்க. நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"இஸ்தோப்பு."

"என்னங்க?"

"இஸ்தோப்பு, தாயி. சிலோன்ல எங்க தோட்டத்து லயத்துல, வீட்டுக் காம்பராவுக்கு முன்னுக்கு இருக்கும்ல, செருப்ப விட்டுட்டு ஏறுற எடம். அதான் இஸ்தோப்பு."

அவள் எழுதப் போனவள் எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "இஸ்தோப்பு… இஸ்தோப்புல தீ… ஐயோ கடவுளே. இஸ்தோப்பு, ஸ்டவ்வு!"

சன்னாசிக்கும் அப்போதுதான் அன்றைய தினம் கண் முன்னால் வந்தது.

எரிந்த மறுநாள். கரடியை வெளியே இழுக்கப் போய் உள்ளங்கை இரண்டும் வெந்து, கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். விசாரிக்க வந்த அதிகாரி கீழ்நாட்டு ஆள், குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மியூசியம் கிளார்க் செல்லதுரை எழுதிக்கொண்டிருந்தான். "எங்கய்யா மொதல்ல பிடிச்சுது?" என்று அதிகாரி கேட்டார். "இஸ்தோப்புலங்க" என்றார் இவர். "ஸ்டவ்வுலயா?" என்று அவர் கேட்டார். ஸ்டவ் என்றால் அடுப்பு என்பது சன்னாசிக்குத் தெரியாமல் இல்லை. அவர் வீட்டில் சிலோன் பழக்கத்தில் அதற்குக் குக்கர் என்றுதான் பேச்சு, ஆனாலும் முப்பது வருஷமாகக் கேட்கிற வார்த்தை. அன்றைக்குப் புகை அடைத்த காதும் வெந்த கையுமாக இருந்தவருக்கு, பாவம், இந்த மனுஷனுக்கு இஸ்தோப்பு என்று சொல்ல நாக்கு வளையவில்லை போலிருக்கிறது என்றுதான் பட்டது. அதனால் தலையை ஆட்டினார். அதிகாரியும் "புரிஞ்சிடுச்சு" என்று எழுந்துவிட்டார்.

சொல்ல வேண்டிய மீதி சொல்லாமலே போயிற்று. தீப்பிடித்த அன்றைக்கு மத்தியானம் இஸ்தோப்பில்தான் இலை விலைக் கூட்டம் நடந்தது. கமிட்டி செயலாளர் தரணிதரன்தான் கூட்டியது. அவருக்குச் சொந்தத்தில் ஃபேக்டரி உண்டு. மைக்குக்கும் டியூப்லைட்டுக்கும் ரோட்டுக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்துத் திருட்டுக் கொக்கி போட்டிருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் மைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள், ஒயரை எடுக்கவில்லை. பொழுது சாய்கிற நேரம், மஞ்சு இறங்கி எல்லாம் ஈரம். சன்னாசி பின்பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தபோது முன்னால் படபடவென்று சத்தம் கேட்டு ஓடி வந்தார். கண்ணாடிச் சட்டத்தில் சுற்றியிருந்த ஒயர் பொறிந்துகொண்டிருந்தது. திரைச் சீலை அப்போதே பாதி எரிந்திருந்தது.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயம், பெரிய மனுஷன் சமாச்சாரம் என்பதால் யாரும் வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார். ஊரில் தெரிந்திருந்தது வேறு.

"பாவம், அந்த அதிகாரி காதுல தப்பா விழுந்திருக்குதுங்க" என்றாள் காயத்ரி.

"அவரு காதுல தப்பா விழுகலாம். செல்லதுர காதுல எப்படி விழுகும்?"

"அவருக்கு இந்த வார்த்தை தெரியுமுங்களா?"

தெரியாமல் என்ன? செல்லதுரையின் அப்பா சிலோன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அந்த டிவிசனிலேயே பெரிய இஸ்தோப்பு அவர்கள் வீட்டில்தான் இருந்தது, சிவப்புப் பாலீஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி. மழையில் வேலைக்குப் பேர் பதியப் போகிற ஜனம் அதில் கால் வைக்கக்கூடாது, கீழே சேற்றில் நிற்க வேண்டும். செல்லதுரை பொடியனாக அதில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பான். நிற்கிற ஜனத்தில் சன்னாசியும் ஒரு ஆள். பிறகு எல்லாரையும் இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே கப்பலில் வந்தது. கப்பலில் அவன் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது இவர்தான். இந்த மலையில் இவருக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தது அவன். அதற்கப்புறம் கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளை, லயத்து ஆள் என்ற பேச்சே இருவருக்குள்ளும் இல்லை. அண்ணே, தம்பி என்றுதான்.

"எழுதுனவரு அவருதானுங்களே" என்றாள் காயத்ரி. "சனிக்கிழமை செயலாளர் படம் பார்க்க வராருங்க. அவர் முன்னால செல்லதுரை ஐயா இந்த வார்த்தைக்கு அர்த்தம் இதுதான்னு சொல்லிட்டாப் போதும். புத்தகத்துல மாத்திடறேன். இல்லீன்னா ரிப்போர்ட்ல இருக்கறதைத்தானுங்க போட முடியும்."

"போட்டா?"

"அது அச்சாயி, எல்லா லைப்ரரிக்கும் போயிருமுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் சன்னாசி பஸ் ஏறி செல்லதுரை வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அந்த வீடு மாறியிருந்தது. முன்னால் புதிதாக ஓடு போட்டு இறக்கியிருந்தான்.

"அட, சன்னாசியண்ணே! வழி தெரிஞ்சிச்சா? ஏய் ஞானசுந்தரி, யாரு வந்திருக்கான்னு பாரு. இஸ்தோப்புல நாற்காலியப் போடு!"

சன்னாசி நாற்காலியைப் பார்த்தார். அவனையும் பார்த்தார். உட்காரவில்லை.

"எங்க போடச் சொன்ன?"

"என்னாண்ணே?"

"நாற்காலிய எங்க போடச் சொன்ன, இப்ப?"

செல்லதுரை முகம் ஒரு நொடி செத்துப்போயிற்று. பிறகு மறுபடி சிரித்தான். ஞானசுந்தரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, மருதாம்பாக்கா முட்டிவலி எப்படி இருக்கிறது, இந்தத் தடவை பனி மோசம் என்று பேசினாள். அவள் உள்ளே போகும்வரை சன்னாசி பொறுத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். அதிசயமாக, முழுவதும் சொல்லி முடிக்கும்வரை செல்லதுரை குறுக்கே பேசவில்லை.

"அண்ணே, அன்னிக்கி இருந்த கலவரத்துல அந்த ஆளு ஸ்டவ்வுன்னாரு, நானும் ஸ்டவ்வுன்னு எழுதிட்டேன். கை ஓடுச்சி, புத்தி ஓடல."

"ரெண்டு வருசமா ஓடலியா?"

"நீங்க ஒண்ணும் கேக்கல…"

"எனக்குத் தெரிஞ்சாத்தான கேக்க."

"விடுங்க. நாளைக்கி வந்து சொல்லிடறேன். இஸ்தோப்புன்னா வராந்தான்னு சொல்றது என்னா மலையப் பெரட்டுற காரியமா?"

"சொல்லுவியா?"

"சொல்றேண்ணே."

"அந்த ஆளு முன்னுக்கு? தரணிதரன் முன்னுக்கு?"

"உங்களுக்கு யாரயும் நம்பத் தெரியாது. கப்பல்லயே, மூட்டைய நான் பாத்துக்கிறேன்னு சொன்னா, மூட்டை மேலயே படுத்துத் தூங்குன ஆளு நீங்க."

"அந்த மூட்டையில ஒம் மூட்டையும் இருந்திச்சி."

இதைச் சொல்லிவிட்டு, மனசு கொஞ்சம் இறங்கித் தேத்தண்ணியைக் குடித்தார். புறப்படும்போது செல்லதுரையின் மகள் ஸ்டெபி ஹேண்ட்பேக்கோடு வெளியே வந்து, "பெரியப்பா, நல்லாருக்கீங்களா, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று ஓடினாள். எந்த ஆபீஸ் என்று கேட்டார். தரணிதரன் ஃபேக்டரியில்தான், ஒரு வருஷம் ஆகிறது என்றான் செல்லதுரை, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி கீழே பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை தரணிதரன் ஜீப்பில் வந்தார். பின்சீட்டிலிருந்து செல்லதுரை இறங்கினான். இருவரும் ஒரே வண்டியில் வந்ததைச் சன்னாசி பார்த்தார். மாட்டை ஒரு செடியில் கட்டிவிட்டு வந்து நின்றார்.

காயத்ரி எரிந்த படிக்கல்லின் மேல் படத்தை விரித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தாள். தரணிதரனுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அடேங்கப்பா, இத்தனை வேலைப்பாடுங்களா இருந்துது? நாங்க புலியப் பார்த்துட்டுப் போயிருவமுங்க, கூரையை எவன் பார்த்தான்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக வந்தாள்.

"சார், தீ ஆரம்பிச்ச இடத்துல எனக்கு ஒரு சந்தேகமுங்க. ஸ்டவ் இருந்த ரூம்ல உத்திரம் கருகவே இல்லை. ஐயா அன்னைக்கு 'இஸ்தோப்பு'ன்னுதான் சொன்னாராம். அது வராந்தாவுக்குச் சிலோன் தோட்டத்துப் பேருங்களாம். செல்லதுரை ஐயாவும் அங்கிருந்து வந்தவருதானுங்களே. நீங்க சொல்லுங்க, இஸ்தோப்புன்னா என்னங்க?"

செல்லதுரை படத்தைப் பார்த்தான். செங்கல்லைப் பார்த்தான். தரணிதரன் ஜீப் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், அதையும் பார்த்தான். சன்னாசி இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"அது வந்துங்கம்மா… ஸ்டவ்தாங்க அது. லயத்து ஜனத்துக்கு இங்கிலீஷ் வார்த்த வாயில நொழையாதுல்லீங்களா. ஸ்டவ்வு, இஸ்டவ்வு, அப்படியே இஸ்தோப்பு ஆயிப்போச்சு."

தரணிதரன் வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்கூலு இஸ்கூலு ஆன மாதிரியா? நல்லா இருக்குதே! மேடம், இதையும் புஸ்தகத்துல போடுங்க."

செல்லதுரை பொய் சொல்லுவான் என்று சன்னாசி எதிர்பார்த்தே வந்திருந்தார், அதற்கு மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தார். மறந்துபோச்சு என்பான், ஞாபகமில்லை என்பான் என்று நினைத்தார். அப்பன் வீட்டு இஸ்தோப்பையே அடுப்பாக்கிவிடுவான் என்று நினைக்கவில்லை. அதுவும் எவ்வளவு வக்கணையாக! கேட்கிற எவனும் நம்பிவிடுவான். ஒரு நொடி அவருக்கே, அப்படியும் இருக்குமோ என்று தோன்றியது.

"டேய்," என்றார் கடைசியில். "நேத்து எனக்கு நாற்காலிய அடுப்புலயாடா போடச் சொன்ன?"

செல்லதுரை ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தாயி, எங்க சிலோன்காரங்க காலனிக்கு வா. பால் குடிக்கிற புள்ளயத் தவிர யாரக் கேட்டாலும் சொல்லும், இஸ்தோப்புன்னா என்னான்னு."

"ஏனப்பா சன்னாசி," என்றார் தரணிதரன், கோபமே இல்லாமல். "காலனியில இருக்கறவங்க பூராவும் உன்ற ஆளுங்க. நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லுவாங்க. இப்ப உன்னை யாரு என்ன பண்ணுனாங்க? கேஸ் போட்டமா? ஜெயிலுக்கு அனுப்புனமா? வயசான காலத்துல எதுக்கு இந்த வம்பு?"

"உத்திரம் கருகலீங்க, சார்," என்று காயத்ரி மறுபடி சொன்னாள். குரல் முன்பு மாதிரி இல்லை.

"காத்து எப்பிடி அடிச்சுதோ, தீ எப்பிடித் தாவுச்சோ! மேடம், இது கட்டடத்தோட பெருமையைச் சொல்றதுக்குப் போடற புஸ்தகம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போடறதில்லீங்க. கமிட்டி செலவுல போடறோம்ங்கறதையும் பார்த்துக்குங்க."

அவள் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள், காகிதம் தானாகச் சுருண்டது.

"அப்படீன்னா… தீ பிடிச்ச காரணம் உறுதியாத் தெரியலைன்னு போட்டுடறேனுங்க. ஸ்டவ்வும் வேண்டாம், வராந்தாவும் வேண்டாம்." சன்னாசியின் பக்கம் திரும்பினாள். "உங்க பேரு வராதுங்க ஐயா. அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

"அது நல்ல யோசனை," என்றார் தரணிதரன்.

"தெரியலையா?" என்றார் சன்னாசி. "எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். இவருக்குத் தெரியும். உத்திரத்தத் தொட்டுப் பாத்தியே, ஒனக்கும் தெரியும். பெறகு யாருக்குத் தாயி தெரியல?"

அவள் தலையைக் குனிந்து ரப்பர் பேண்டைப் படத்தில் மாட்டினாள். அது இரண்டு தடவை நழுவியது.

மாட்டை அவிழ்த்துக்கொண்டு சன்னாசி இறங்கினார். பாதி வழியில் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. செல்லதுரை.

"அண்ணே! நில்லுங்கண்ணே. ஒரு நிமிசம் கேளுங்க. ஒயருன்னு சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்? கேசு. கேசுன்னா பங்களாவுக்கு இன்சூரன்ஸ் வராது. இன்சூரன்ஸ் வராட்டி நட்டமெல்லாம் அந்த ஆளு தலையில விழும், அவரு ஃபேக்டரிய மூடிட்டுக் கோயமுத்தூருக்குப் போயிருப்பாரு. இந்த ரோட்டுல ஓடுறதே அந்த ஒரு ஃபேக்டரிதான். நம்ம காலனிச் சனம் எத்தனை அதுல நிக்கிது! ஒங்கள யாரு என்னா செய்யப் போறா? எழுதப் படிக்கத் தெரியாத வாட்ச்மேனு, தெரியாமப் பண்ணிட்டான்னு விட்டுருவாங்க. விட்டாங்களா இல்லியா? சனத்துக்காகத்தாண்ணே செஞ்சேன்."

"ஸ்டெபியும் சனந்தான?"

செல்லதுரை நின்றான். "அவளும்தான்" என்றான் மெதுவாக.

"அத மொதல்ல சொல்லு." சன்னாசி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "அன்னிக்கே எங்கிட்ட வந்து, அண்ணே, இப்பிடி இப்பிடி, புள்ளைக்கி ஒரு வழி பண்ணணும், அடுப்புன்னே சொல்லிருங்கன்னு கேட்டிருந்தா, நானே சொல்லியிருப்பனோ என்னமோ. நீ கேக்கல. கேக்காமயே எடுத்துக்கிட்ட."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"அது எனக்கும் தெரியாது. இனிமே ஒனக்கும் தெரியாது."

"இப்பத்தான் பேரே வராதுன்னு சொல்லிட்டாங்களே, அண்ணே. பிரச்சனை முடிஞ்சிச்சுல்ல? சொல்லுங்க, முடிஞ்சிச்சுல்ல?"

சன்னாசி மாட்டைத் தட்டிவிட்டு நடந்தார். செல்லதுரை இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தான். சனம், சனம் என்கிற ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. இருக்கலாம். ஃபேக்டரி மூடியிருந்தால் நாலு வீட்டில் அடுப்பு எரியாமல் போயிருக்கலாம், இவன் சொல்லுவதிலும் கொஞ்சம் இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க, அது தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. விட்டுக் கிடந்த தோட்டத்தில் தேயிலை தலைக்கு மேல் வளர்ந்து வழியை அடைத்திருந்தது. ஒரு கையால் கிளையை விலக்கிக்கொண்டு, மாட்டை முன்னால் விட்டு, அவர் காலனிப் பக்கம் இறங்கினார்.